ஒதுக்குப்புறமான இடங்களில் பயணம்: எந்த நெட்வொர்க் எடுப்பது? நெட்தான் முக்கியம்

நெடும்பயணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அடுத்த சில மாதங்கள் மலை, காடு, பாலைநிலச் சாலை என்று நகரங்களை விட்டு விலகியே பயணம் செய்யப் போகிறேன், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகள். வேலையை விடவில்லை, அதையும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். தினமும் கோப்புகள் அனுப்ப வேண்டும், வாரத்தில் ஓரிரு முறை வீடியோவில் கூட்டம் இருக்கும், அந்த நேரத்தில் நெட் போய்விட்டால் வேலைக்கே சிக்கல்.

யாரிடம் கேட்டாலும் ஆளுக்கு ஒரு கம்பெனி பெயர் சொல்கிறார்கள். கம்பெனிகளின் வரைபடத்தைப் பார்த்தால் எல்லோருமே நாடு முழுக்க நிறம் பூசி வைத்திருக்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. போகும் இடத்தில் உள்ளூர் சிம் வாங்குவதா, பயணிகளுக்கான இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்) போதுமா? இரண்டு சிம் வைத்தால் உண்மையிலேயே பயன் உண்டா? 5ஜி போன் தேவையா? சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் என்று விற்கிறார்களே, அதை வாங்கலாமா? பேசுவதற்கு எப்படியாவது வழி பண்ணிக்கொள்வேன், எனக்கு வேண்டியது நெட். அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அலைக்கம்பம்:

டவர் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்கு நகரத்தில் பதில் உண்டு. ஒதுக்குப்புறத்தில் கிடையாது. ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு டவர் இருக்கும், அது யாருடையதோ அவர்தான் அங்கே நல்ல கம்பெனி, மலையைச் சுற்றி அந்தப் பக்கம் இறங்கினால் வேறு ஒருவர். அதனால் கம்பெனி பெயரை விட்டுவிட்டு, நான் தங்கப் போகும் இந்த இடத்தில் யாருடைய டவர் எட்டுகிறது, எந்த பேண்டில், அதாவது எந்த அலைவரிசையில் எட்டுகிறது, அந்த பேண்ட் என் போனில் இருக்கிறதா என்று மூன்றாக உடைத்துக் கேளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை.

பேண்ட் ஏன் முக்கியம் என்றால், அதிர்வெண் குறையக் குறைய அலை தூரம் போகும், மரம், சுவர் எல்லாவற்றையும் கொஞ்சம் தாண்டியும் வரும். 700, 800, 850, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பவைதான் ஒதுக்குப்புறத்துக்கானவை. திறந்தவெளியில் ஒரே தூரத்தில் 700-க்கும் 2100-க்கும் இடையே கணக்குப்படி ஏறக்குறைய 9.5 டெசிபல் வித்தியாசம் வருகிறது, அதாவது சிக்னல் வலிமையில் ஒன்பது மடங்கு. நடுவில் மரமும் மேடும் வந்தால் இடைவெளி இன்னும் கூடும். நகரத்தில் வேகமாக ஓடும் 2300, 2600 எல்லாம் அந்த டவரில் இருந்தாலும் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உங்களுக்கு வந்து சேராது.

4ஜி-யில் இவற்றுக்கு எண் உண்டு. 700 என்றால் பல நாடுகளில் பேண்ட் 28, அமெரிக்கா பக்கம் 12, 13, 17. 800-க்கு ஐரோப்பாவில் 20. 850-க்கு 5, 900-க்கு 8. அமெரிக்காவில் 600-லும் ஓடுகிறது, அது 71. உங்கள் போனின் மாடல் எண்ணை அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள், பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு வகை விற்கிறார்கள், ஒன்றில் 28 இருக்கும், இன்னொன்றில் இருக்காது. போகிற நாட்டில் ஒரு கம்பெனி தன் மலைப்பகுதி முழுவதையும் 28-இல் ஓட்டிக்கொண்டிருந்து, உங்கள் போனில் அது இல்லாவிட்டால் அந்த சிம்மால் பயனே இல்லை. பக்கத்தில் நிற்பவர் போனில் நெட் ஓடும், உங்களுடையதில் சேவை இல்லை என்றே காட்டும்.

அடுத்து, சிக்னல் அளவைக் காட்டும் இந்தக் கட்டங்கள். திரையில் இரண்டு கட்டம் தெரியும், ஆனால் பக்கம் திறக்காது, செய்தி அனுப்பினால் கடிகாரக் குறியோடு அப்படியே நிற்கும். ஏன் என்றால் டவர் அனுப்புவது பத்து, இருபது, நாற்பது வாட் என்ற அளவில். உங்கள் 4ஜி போன் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்தான் அனுப்பும். டவர் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். கோப்பு அனுப்புவதும் வீடியோ கூட்டமும் உங்கள் பக்கத்திலிருந்து போக வேண்டியவை, அதனால் கட்டத்தை நம்பாதீர்கள், அப்லோடு வேகத்தைப் பாருங்கள். 900-இல் ஓடும் பழைய 2ஜி-யில் போன் 2 வாட் வரை அனுப்பலாம், சில இடங்களில் பேச முடிந்து நெட் மட்டும் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டத்துக்குப் பதிலாக டிபிஎம் எண்ணை, அதாவது சிக்னல் வலிமையின் அளவைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று அடித்தால் வரும், ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானைத் தட்ட வேண்டும். டவரிலிருந்து வரும் சிக்னலின் வலிமையைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் -80, -90 பக்கம் இருந்தால் கவலையில்லை. -110-க்குக் கீழே போனால் திணறும். -120 என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். கூடவே எஸ்ஐஎன்ஆர் என்று ஒன்று இருக்கும், இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது அது. 10-க்கு மேல் நல்லது, பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தாலும் நெட் திணறும். அறைக்குள் -118 காட்டும் போனை டவர் இருக்கும் திசையில் உள்ள ஜன்னல் கட்டையில் வைத்தால் -106 காட்டும், இது சர்வசாதாரணம். போனை அங்கேயே வைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.

5ஜி-க்காக மட்டும் போன் மாற்ற வேண்டாம். இன்றைக்குப் பல இடங்களில் 5ஜி என்பது 4ஜி-யைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, சிக்னல் மெலிந்த இடத்தில் இரண்டுக்கும் இடையே தாவித் தாவி இணைப்பு அறுந்துபோகும். அந்த மாதிரி இடத்தில் அமைப்புகளில் 4ஜி-யோடு நிறுத்தி வைப்பதே மேல்.

வரைபடக்காரி:

அலைக்கம்பம் அண்ணா சொன்னதோடு வரைபடம் பற்றி நான் சேர்க்கிறேன், நெடும்பயணி குழம்புவது அங்கேதான்.

கம்பெனி போடும் கவரேஜ் வரைபடம் ஒவ்வொரு இடத்திலும் போய் அளந்து வரைந்தது கிடையாது. டவர் உயரம், நிலத்தின் மேடுபள்ளம் இதையெல்லாம் போட்டுக் கணினியில் கணக்கிட்டு நிறம் பூசுவது. பெரும்பாலும் வெட்டவெளியில் நிற்கிறவருக்கான கணக்கு அது, கல் சுவர், தகரக் கூரை போட்ட அறைக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு இல்லை. 2019 டிசம்பரில் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, சில கம்பெனிகளின் 4ஜி வரைபடத்தைச் சாலையில் வண்டியோட்டிச் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வரைபடம் சொன்ன குறைந்தபட்ச வேகம் கிடைத்தது 62.3 சதவீதச் சோதனைகளில்தான். அரசு ஆணையம் கேட்டு வாங்கிய வரைபடத்துக்கே அந்தக் கதி என்றால், விளம்பரத்துக்குப் போடுகிற வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் செய்வது, கம்பெனி வரைபடத்தில் நிறம் இல்லாத இடத்தை மட்டும் நம்புவது. அவர்களே இல்லை என்று ஒப்புக்கொண்டால் நிச்சயம் இல்லை! நிறம் இருக்கும் இடத்துக்கு செல்மேப்பர், ஓபன்சிக்னல், என்பெர்ஃப் மாதிரி பயனர்கள் தங்கள் போனிலிருந்து திரட்டித் தரும் வரைபடங்களைப் பார்க்கிறேன். செல்மேப்பரில் எந்த டவர், எந்த பேண்ட் என்றுகூடத் தெரியும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம், இவற்றில் வெறுமையாக இருந்தால் சிக்னல் இல்லை என்று பொருள் அல்ல, அந்தச் செயலியோடு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை என்பதாகவும் இருக்கலாம். பிரதான சாலையை ஒட்டி மட்டும் புள்ளிகள் வரிசையாக இருந்து, இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாமல் இருந்தால் இதுதான் காரணம்.

தங்கும் இடத்துக்காரரிடம் கேட்கும்போதும், நெட் வருமா என்று கேட்காதீர்கள், வரும் என்றுதான் சொல்வார்கள், அவர்கள் மனதில் இருப்பது செய்தி அனுப்புவது. அங்கே வேலை செய்பவர்கள் எந்த சிம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், அப்புறம் இரவு எட்டு மணிக்கு, நீங்கள் தங்கப் போகும் அறைக்குள்ளிருந்து ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அந்தத் திரையைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். எட்டு மணி என்பது சும்மா சொல்லவில்லை. ஒதுக்குப்புற டவர்களில் பலவற்றுக்கு ஃபைபர் கேபிள் இணைப்பு கிடையாது, இன்னொரு டவரைப் பார்த்து வைத்த மைக்ரோவேவ் தட்டு வழியாகத்தான் எல்லார் டேட்டாவும் போகும். மாலையில் எல்லோரும் போனை எடுத்ததும் அந்தக் குழாய் நிரம்பிவிடும். முழுக் கட்டமும் இருக்கும், வேகம் இருக்காது. விடியற்காலையில் அதே இடத்தில் அருமையாக ஓடும். பெரிய கோப்புகளை விடிவதற்கு முன்னால் அனுப்பிவிடுவதுதான் என் வழக்கம்.

எல்லைதாண்டி:

இ-சிம் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

உள்ளூர் சிம் அந்த ஒரு கம்பெனியின் டவரில் மட்டும்தான் ஓடும், உள்நாட்டுக்குள் ரோமிங் ஒப்பந்தம் இருந்தால் தவிர. வெளிநாட்டு சிம்முக்கும் பயணிகளுக்கான இ-சிம்முக்கும் அந்தக் கட்டு இல்லை, எந்தெந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அத்தனை பேருடைய டவரிலும் ஏறலாம். சில நாடுகளில் இரண்டு, மூன்று நெட்வொர்க்கும் கிடைக்கும். ஒதுக்குப்புறத்தில் இது பெரிய பலம். வாங்கும் முன் அந்த இ-சிம் எந்த நெட்வொர்க்குகளில் ஓடும் என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள், ஒரே ஒரு பெயர் இருந்தால் இந்தப் பலம் போச்சு.

குறை என்னவென்றால், ரோமிங்கில் உங்கள் டேட்டா பெரும்பாலும் சிம் கொடுத்த கம்பெனியின் நாட்டுக்குப் போய்விட்டுத்தான் இணையத்துக்குள் நுழையும். நீங்கள் ஓரிடத்தில் இருப்பீர்கள், டேட்டா கண்டம் தாண்டிப் போய்த் திரும்பும். கோப்பு அனுப்ப இது தொந்தரவில்லை. வீடியோ கூட்டத்தில் தாமதம் நன்றாகத் தெரியும், ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் பேசத் தொடங்குவது நடந்துகொண்டே இருக்கும். உள்ளூர் சிம்மில் இந்தச் சுற்று கிடையாது. அதனால் கூட்டத்துக்கு உள்ளூர் சிம், அது எட்டாத இடத்துக்கு இ-சிம் என்று இரண்டையும் ஒரே போனில் போட்டுவிடுங்கள். அதற்கு உங்கள் போன் ஒரே கம்பெனியின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டப்படாததாக இருக்க வேண்டும், தவணையில் வாங்கிய போன் என்றால் கிளம்பும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சிம் என்றதும் இரண்டு கம்பெனி பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சொந்த டவரே இல்லாமல் இன்னொருவருடைய நெட்வொர்க்கை வாடகைக்கு எடுத்து விற்கும் கம்பெனிகள் நிறைய நாடுகளில் உண்டு. விலை குறைவாக இருக்கும், ஊருக்குள் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த சிம்மையும் அந்த டவர்காரரின் சிம்மையும் சேர்த்து வைத்தால் உங்களிடம் இருப்பது ஒரே நெட்வொர்க்தான். சில ஒப்பந்தங்களில் வாடகைக்காரருக்குத் தொலைதூர ரோமிங் டவர்கள் கிடைக்காது, நெரிசலில் அவர்களுடைய டேட்டா பின்வரிசைக்கும் தள்ளப்படலாம்.

எல்லைப் பகுதியில் போகும்போது தானியங்கி நெட்வொர்க் தேர்வை நிறுத்திவிட்டு நீங்களே தேர்ந்தெடுங்கள். பக்கத்து நாட்டு டவர் மலை மேல் இருந்தால் போன் அதைத்தான் பிடிக்கும், கட்டணம் எகிறிவிடும்.

அலைக்கம்பம்:

எல்லைதாண்டி சொன்னது ரொம்பச் சரி, இன்னொன்றும் உண்டு. இரண்டு வெவ்வேறு நெட்வொர்க்காகவே இருந்தாலும் அவர்கள் கருவிகளை ஒரே இரும்புக் கம்பத்தில் மாட்டியிருக்கலாம், பல நாடுகளில் கம்பத்தை ஒரு கம்பெனி கட்டி எல்லோருக்கும் வாடகைக்கு விடுகிறது. மின்சாரம் போய், பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் வந்து சேரவில்லை என்றால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் டீசல் ஏற்றிக்கொண்டு போவது எவ்வளவு பாடு என்று எங்கள் ஆட்களைக் கேட்டால்தான் தெரியும். புயல், நிலச்சரிவு காலத்தில் இரண்டு சிம் இருக்கிறதே என்று மொபைல் நெட்டை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

கூடாரம்:

பூஸ்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதலில் சட்டம். பல நாடுகளில் அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது குற்றம், டவருக்கே இடைஞ்சல் செய்து சுற்றியிருப்பவர்கள் எல்லோருடைய சிக்னலையும் கெடுக்கும் என்பதால். அனுமதி உள்ள நாடுகளிலும் அங்கீகரிக்கப்பட்ட கருவிதான் வைக்கலாம். நாடு நாடாகப் போகிறவர் அதைச் சுமந்துகொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. போதாததற்கு, சிக்னலே இல்லாத இடத்தில் பெருக்குவதற்கு அதற்கு ஒன்றும் கிடைக்காது.

அதற்குப் பதில், வெளி ஆன்டெனா மாட்டத் துளை உள்ள ஒரு 4ஜி ரவுட்டரும் திசை ஆன்டெனாவும் எடுத்துப் போங்கள். ஒரு கம்பில் கட்டி உயர்த்தி டவர் பக்கம் திருப்பினால், ஜன்னலில் வைத்த போனில் -115 காட்டிய இடத்திலும் நிலையான நெட் கிடைக்கும். திருப்புவதை மெதுவாகச் செய்ய வேண்டும், கொஞ்சம் நகர்த்தி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் எண் மாறும்வரை பொறுத்திருந்து, அப்புறம் இன்னும் கொஞ்சம். கேபிளைக் குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், மெல்லிய நீளக் கேபிள் ஆன்டெனா சேர்த்த சிக்னலை வழியிலேயே தின்றுவிடும். ரவுட்டரிலும் அந்த பேண்டுகள் இருக்கின்றனவா என்று போனுக்குப் பார்த்ததுபோலவே பார்க்க வேண்டும்.

எதுவுமே எட்டாத இடம் என்றால் செயற்கைக்கோள்தான். ஸ்டார்லிங்க் மாதிரி தாழ்வாகச் சுற்றுபவை ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் வீடியோ கூட்டமே நடத்தலாம். பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை, போய்வரவே அரை வினாடிக்கு மேல் ஆகும், பேச்சுக்கு ஒத்துவராது. ஆனால் ஸ்டார்லிங்குக்குத் திறந்த வானம் வேண்டும், அடர்ந்த காட்டுக்குள் மர இடுக்கில் அறுந்து அறுந்துதான் வரும். சிறிய தட்டுக்கும் 25 முதல் 40 வாட் வரை மின்சாரம் வேண்டும், அதற்குத் தகுந்த பேட்டரி வேண்டும். எல்லா நாட்டிலும் அனுமதியும் இல்லை, சில இடங்களில் எல்லையிலேயே பறிமுதல் செய்வார்கள். ஐபோன் 14-இல் 2022-இல் தொடங்கிய செயற்கைக்கோள் வசதியைப் பார்த்துவிட்டு நெட் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், அது ஆபத்தில் உதவி கேட்டுச் சிறு செய்தி அனுப்புவதற்காக வந்தது, சில நாடுகளில் மட்டும்.

நெடும்பயணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. போனின் மாடல் எண்ணை வைத்துத் தேடினேன், பேண்ட் 3, 5, 8, 20, 40, 41 இருக்கிறது, 28 இல்லை. முதலில் போகும் நாட்டில் இரண்டு கம்பெனிகள் மலைப்பகுதியில் இருக்கின்றன, செல்மேப்பர்படி ஒன்று பெரும்பாலும் 28, இன்னொன்று 8.

வரைபடக்காரி சொன்னபடி தங்கும் இடத்துக்காரரிடம் கேட்டேன். அவர் இரண்டாவது கம்பெனி சிம் வைத்திருக்கிறார், இரவில் அறைக்குள் எடுத்த ஸ்பீடு டெஸ்ட் படம் அனுப்பினார்: டவுன்லோடு 6 எம்பிபிஎஸ், அப்லோடு 0.4. இதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியுமா? 28 உள்ள போன் வாங்க வேண்டுமா?

அலைக்கம்பம்:

உங்கள் போனுக்கு 8-இல் ஓடும் கம்பெனிதான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் கம்பெனி உங்களுக்கு எட்டவே எட்டாது, அதாவது மாற்று இல்லாமல் போகிறீர்கள். போனை மாற்ற வேண்டாம், கூடாரம் சொன்ன ரவுட்டரை வாங்கும்போது 28 இருப்பதாகப் பார்த்து வாங்கி அதில் முதல் கம்பெனி சிம்மைப் போடுங்கள். இரண்டு நெட்வொர்க்கும் கைக்கு வந்துவிடும்.

6 இறங்கி 0.4 ஏறுகிறது என்றால் நான் மேலே சொன்ன அதே கதைதான், அறைக்குள்ளிருந்து போனின் குரல் டவருக்குச் சரியாகப் போகவில்லை. நெரிசல் மட்டும்தான் காரணம் என்றால் டவுன்லோடும் சேர்ந்தே அடிவாங்கியிருக்கும். போனை ஜன்னலுக்கு நகர்த்தி அவரை இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள், ஒன்றுக்கு மேல் ஏறினால் இருவர் பேசும் வீடியோ தாராளமாக ஓடும். பேச்சு மட்டும் என்றால் 0.1 எம்பிபிஎஸ் போதும். அதனால் 0.4 இருக்கும் இடத்தில் உங்கள் கேமராவை அணைத்துவிட்டுக் கூட்டத்தில் உட்காருங்கள், மற்றவர்கள் முகம் உங்களுக்குத் தெரியும், உங்கள் குரல் அவர்களுக்குத் தெளிவாகப் போகும். கூட்டம் தொடங்கும் முன் போனிலும் கணினியிலும் படங்களைத் தானாக மேலேற்றும் வசதியை நிறுத்திவிடுங்கள், அது ஒன்றே அந்த 0.4 முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

எல்லைதாண்டி:

கிளம்பும் முன் இன்னொன்றும் பாருங்கள், உங்கள் போனுக்கு அந்த நாட்டுக் கம்பெனியில் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே அழைப்பு போகும் வசதி, உண்டா என்று. பேசுவதற்கு வழி பண்ணிக்கொள்வேன் என்றீர்கள், ஆனால் பழைய நெட்வொர்க்குகளை மூடிக்கொண்டே வருகிறார்கள். அமெரிக்காவில் 2022-க்குள் பெரிய கம்பெனிகள் 3ஜி-யை நிறுத்திவிட்டன, ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் இறுதியில் கடைசியாக இருந்தவையும் நின்றன. 2ஜி, 3ஜி இரண்டும் போன இடத்தில் வோல்டி ஒத்துவராத போனில் நெட் ஓடும், அழைப்பு போகாது, அவசர அழைப்பும் சேர்த்துத்தான். மற்றபடி அவசரத்துக்கு 112 அடிக்கும்போது உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் எட்டுகிற எந்த டவர் வழியாகவும் போன் முயற்சி செய்யும், சேவை இல்லை என்று திரையில் காட்டினாலும் அடித்துப் பாருங்கள்.

வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் போகும் நேரத்தில் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் டவர் தேடித் தேடியே பேட்டரி காலியாகிவிடும். ஜிபிஎஸ் அந்த மோடிலும் வேலை செய்யும்.

நெடும்பயணி:

ஜன்னலில் வைத்து எடுத்தார்: அப்லோடு 1.9. ரவுட்டருக்குச் சொல்லிவிட்டேன், 8, 20, 28 மூன்றும் இருக்கிறது. வோல்டி பற்றி இரண்டாவது கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.